அலையோரத்தில் ஓர் ஆபீஸ்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் மூன்று வகை உண்டு. திருக்கடையூரில் மாமாவுக்கோ பெரியப்பாவுக்கோ அறுபதாம் கல்யாணம் பார்த்துவிட்டு, உண்ட விருந்து ஜீரணமாகக் கொஞ்சம் கடல் காற்று வாங்கலாம் என்று வேனில் வந்து இறங்குகிறவர்கள் முதல் வகை. டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் காரைக்காலுக்கோ நாகூருக்கோ போய்விடுகிறவர்கள் இரண்டாம் வகை. மூன்றாம் வகையினர் சமீப காலத்தில் முளைத்தவர்கள், எண்ணிக்கையில் சொற்பம். அவர்கள் தோளில் ஒரு கறுப்புப் பை தொங்கும். வண்டியிலிருந்து இறங்கியதும், "கடல் எந்தப் பக்கம்?" என்று அவர்கள் கேட்பதில்லை. "பிளக் பாயிண்ட் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்கிறார்கள்!

2020-ம் வருஷம் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டியபோது, ஆபீஸ் வேலையும் கூடவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பூட்டைத் திறந்த பிறகும் பல வீடுகளில் அது எழுந்து போகவில்லை. வேலைக்கு ஒரு லாப்டாப்பும் இன்டர்நெட்டும் போதும் என்றால், வீடு மாம்பலத்தில் இருந்தால் என்ன, மயிலாடுதுறை ஜில்லாவில் ஒரு கடற்கரையில் இருந்தால் என்ன? இப்படிச் சிலர் யோசிக்கத் தொடங்கினார்கள். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்து வேலை செய்ய இடம் வேண்டுமே!

அந்த இடத்தைத் தேடித்தான் நானும் என் அண்ணியும் தை மாதத்தில் ஐந்து நாள் தரங்கம்பாடியில் தங்கினோம். அம்மாவும் கூட வந்தாள். திருக்கடையூரில் எங்கள் மாமாவுக்குச் சஷ்டியப்த பூர்த்தி. அது முடிந்ததும் மற்றவர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். நாங்கள் மூவரும் எட்டுக் கிலோமீட்டர் தென்கிழக்கே வந்து ஜாகை போட்டோம்.

அண்ணியின் கடிதம்

அண்ணி ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். ஐந்து வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. அவளுடைய ஆபீஸ் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை. அந்த மூலைக்கு இடது பக்கம் ஊறுகாய் ஜாடி, வலது பக்கம் குழந்தைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், பின்னால் குக்கர். காஸ் வந்தால் கதவைத் திறப்பது அண்ணி. கூரியர் வந்தால் கையெழுத்துப் போடுவது அண்ணி. "அவள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே!" என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் வாக்கியம். அது எவ்வளவு பெரிய பொய் என்பதை அந்த மூலையில் இருக்கும் நாற்காலி மட்டும் அறியும்.

பத்து நாளைக்கு முன் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்துப் பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு அண்ணி தலைமை ஏற்க முடியுமா? சம்பளம் கூடும். ஆனால் தினம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் கூட்டம் நடத்த வேண்டும். அந்த நேரத்தில் குறுக்கீடு கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை.

"வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டேன். அனுப்பவேண்டியதுதான் பாக்கி" என்றாள் அண்ணி, வரும் வழியில். "குக்கர் விசிலுக்கு நடுவே பத்துப் பேரைக் கட்டி மேய்க்க என்னால் ஆகாது."

"ஐந்து நாள் இங்கிருந்து செய்து பாருங்கள், அண்ணி. வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லையே" என்றேன் நான்.

ஓசையில்லாத ஊர்

சென்னையிலிருந்து தரங்கம்பாடி சாலை வழியாகச் சுமார் 280 கிலோமீட்டர். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று கிழக்குக் கரையோடு வரலாம். ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி, 30 கிலோமீட்டர் பஸ்ஸில் வரவேண்டும். பெரிய சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் வெள்ளை வெளேரென்று ஒரு வாயில் நிற்கிறது. 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி. நேரே போனால் கடல்.

ஊரின் பெயருக்கு அலைகள் பாடும் இடம் என்று அழகாகப் பொருள் சொல்கிறார்கள். கல்வெட்டில் இருக்கும் பெயரோ சடங்கன்பாடி. கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கடல் அதன் முன் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள்.

1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். மிளகு வாங்கத்தான் வந்தார்கள். 1845-ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரமும் அங்கே போய்விட்டது. அன்றைக்குப் பிடித்த அமைதி இன்னும் விடவில்லை. ராஜ வீதியில் நடுப்பகலில் நின்றால், இரண்டு மாதா கோயில்கள், சில பழைய வீடுகள், ஒரு சைக்கிள், தூரத்தில் அலையோசை. அவ்வளவுதான். வேலை செய்வதற்கு இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும் என்று தோன்றியது. மேஜை தேடத் தொடங்கும் வரையில்!

மேஜை வேட்டை

கடற்கரை மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யும் பெண்களை விளம்பரப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் காலையில் நாங்களும் அதைச் சோதித்தோம். கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து நேரே முகத்துக்கு வருகிறான். திரையில் அண்ணியின் முகம்தான் தெரிந்ததே தவிர, கணக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்றோ மணலை அள்ளி விசைகளுக்கு நடுவே போட்டது. அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கின்றன. கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் துரு கையோடு வருகிறது. இரும்புக்கே அந்தக் கதி என்றால் லாப்டாப் எம்மாத்திரம்? பத்தாவது நிமிஷம் எழுந்துவிட்டோம்.

அடுத்தது, நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் அறை. கட்டில் இருந்தது, டெலிவிஷன் இருந்தது, நிலைக்கண்ணாடிகூட இருந்தது. மேஜை இல்லை.

"ஒரு மேஜை கிடைக்குமா, ஸார்?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"மேஜை எதுக்கும்மா? சாப்பாடு ரூமுக்கே வந்துடுமே!"

"சாப்பிட இல்லை. எழுதுவதற்கு."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, கல்யாணத்துக்கு வந்தவர்கள் சீட்டாடுவதற்காக வைத்திருந்த மடக்கு மேஜை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனிதர். ஆனால் அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதுவும் டெலிவிஷனுக்குப் பின்னால், ஆளுயரத்தில். லாப்டாப்பைத் தொங்கவிட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். தவிர, பக்கத்து அறைகளில் மறுநாள் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள். விடியற்காலை மூன்று மணிக்கே, "ஏண்டி, மாலையை எங்கே வெச்சே?" என்று குரல் கேட்டது. நாளைக்கு ஒரு கல்யாணக் கோஷ்டி!

மூன்றாவது, கோட்டை. தொல்லியல் துறை அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. மேலே ஏறினால் கடல் முழுவதும் கண்ணில் விழும். படிக்க, பேச, சும்மா இருக்க உகந்த இடம். கணக்கு எழுத அல்ல. அதன் கனத்த சுவர்களுக்குள் போனால் செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பழைய கட்டிடங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சங்கடம் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர்கள் வெயிலைத் தடுப்பதுபோல் சிக்னலையும் தடுத்துவிடுகின்றன. ஜன்னலோரத்துக்கோ வராந்தாவுக்கோ வந்தால் சரியாகிறது.

பக்கத்தில் பொறையாறு இருக்கிறது. கல்லூரி உள்ள ஊர். ஜெராக்ஸ், ரீசார்ஜ், பிரிண்ட் எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகவேண்டும். சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே காரைக்கால். பெரிய ஓட்டல்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய் உட்காருவதற்குத் தரங்கம்பாடிக்கு ஏன் வரவேண்டும்?

கடைசியில் கிடைத்தது ஒரு வராந்தா. கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று இப்போது ஓட்டலாக இருக்கிறது. காப்பி சாப்பிடப் போனோம். தூண்கள் வைத்த அகலமான வராந்தா, மரமேஜை, சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் பிளக் பாயிண்ட். "இங்கே தினமும் வந்து உட்காரலாமா?" என்று கேட்டோம். காப்பியும் பகல் சாப்பாடும் இங்கேயே சாப்பிட்டால் ஆட்சேபம் இல்லை என்றார் சிப்பந்தி.

அண்ணி கணக்குப் பார்ப்பவள் அல்லவா? வெயிலையும் கணக்குப் போட்டாள். கிழக்கு வராந்தாவில் காலை வெயில் அடிக்கும். ஆகையால் காலைக் கூட்டம் தெருப் பக்கத்து அறையில். நண்பகலுக்கு மேல் கட்டிடத்தின் நிழலே கடற்பக்கத்து வராந்தாவில் விழும். ஆகையால் பிற்பகலும் மாலைக் கூட்டமும் அங்கே. நாற்காலியை மட்டும் கடலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"இவ்வளவு தூரம் வந்து சுவரையா பார்ப்பது?" என்றேன்.

"கடலைப் பார்த்தால் வேலை ஓடாது. இதோ இருக்கிறது என்று தெரிந்தால் போதும்" என்றாள் அண்ணி.

முதலில் வந்த உத்தியோகஸ்தர்

தலைமை ஆபீஸ் ஓரிடம், வேலை ஓரிடம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்குவின் கதை அதுதான். அவரை அனுப்பியவர் டென்மார்க் ராஜா. கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய கப்பல் தரங்கம்பாடி வந்து சேர ஏழு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு கேள்வி எழுதி அனுப்பினால் பதில் வருவதற்குள் வருஷம் திரும்பிவிடும். இன்று வீடியோ ஒரு நிமிஷம் நின்றால் நாம் பதறுகிறோம்!

வந்தபோது அவருக்கு வயது இருபத்துநாலுகூட நிறையவில்லை. உள்ளூர் டேனிஷ் அதிகாரிக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1708-ல் பிடித்துக் கோட்டையிலேயே நாலு மாதம் காவலில் வைத்தார். சீகன்பால்கு அசரவில்லை. தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைச் சேகரித்தார், 1707-லேயே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. ஆனால் அந்த எழுத்துக்கள் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். சீமையிலிருந்து வந்த பாலாடைக் கட்டிப் பெட்டிகளின் ஈய மூடியை அதற்கு உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்காகப் பொறையாறில் ஓர் ஆலையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் அந்த இடத்துக்கு இருக்கிறது. 1719-ல், 36 வயதில், அவர் காலமானார். ராஜ வீதியில் தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரும்போது அண்ணி ஒன்று சொன்னாள்: "நாலு மாதம் காவலில் இருந்தபோது அவரை யாரும் காஸ் வந்திருக்கிறது, கதவைத் திற என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்." வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மா சிரிக்கவில்லை.

"அவள் ஆபீஸில் இருக்கிறாள்"

சென்னையில் அண்ணனும் குழந்தைகளும் தனியாக இருந்தார்கள். முதல் நாள் காலைக் கூட்டத்தின்போது அண்ணன் ஏழு தரம் போன் செய்தான். இரண்டாம் நாள் ஐந்து தரம். சாம்பார்ப் பொடி எங்கே? சின்னவனின் ஸாக்ஸ் எங்கே? மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறவில்லையே, ஏன்? அண்ணி ஒவ்வொரு தரமும் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்ப் பதில் சொன்னாள்.

அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. காலையில் கரைக்குப் போய், படகு வருவதையும் மீன் ஏலம் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் ஒரு மீன்கார அம்மாளோடு சிநேகமாகிவிட்டாள். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியில் அந்த அம்மாள் வீட்டையும் வலைகளையும் பறிகொடுத்தவள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாளாம்.

"ஏலம் நடக்கறப்போ வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால்?" என்று அம்மா கேட்டாள்.

"பெத்த புள்ளை கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதும்மா. ஒரு விலை காதுல விழலேன்னா அன்னிய பொழப்பு போச்சு. அது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அவள்.

நாலாம் நாள் வியாழக்கிழமை. அண்ணி தெருப் பக்கத்து அறையில் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் வராந்தா மேஜையில் கிடந்தது. அது அடித்தது. அண்ணன்தான். அண்ணி தலையைத் திருப்புவதற்குள் அம்மா போனை எடுத்தாள்.

"அவள் ஆபீஸில் இருக்கிறாள். என்ன வேண்டும், சொல்லு... பித்தளை டப்பா, மூன்றாம் தட்டு. உனக்குக் கண் இல்லையா, தேடு. பன்னிரண்டு மணி வரையில் கூப்பிடாதே."

போனை வைத்துவிட்டு அம்மா மறுபடியும் கடலைப் பார்க்கத் தொடங்கினாள். இருபது வருஷமாக அம்மாவை மாமியாராக அறிந்த அண்ணி, உள்ளே ஒரு கணம் பேச்சை நிறுத்தினாள். பிறகு கூட்டம் தொடர்ந்தது.

அன்று மாலை மணலில் உட்கார்ந்திருந்தபோது அம்மா சொன்னாள்: "மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் போட்டிருக்கிற அறை இருக்கிறதே, அதைக் காலி பண்ணிவிடலாம். ஒரு மேஜையும் விசிறியும் போட்டால் போதுமா உனக்கு?"

"போதும், அத்தை."

"தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி கம்பெனிக்குப் பதில் அனுப்பினாள். எழுதி வைத்திருந்த கடிதத்தை அல்ல, வேறொன்றை.

போகிறவர்கள் கவனிக்க

தரங்கம்பாடிக்கு இப்படி வேலையோடு போக நினைப்பவர்கள் தை, மாசி மாதங்களில் போவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. மின்சாரத்தை நம்ப முடியாது. சித்திரை வெயிலை இங்கே எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப் படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் ஏலம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கவேண்டும்.

அறை பதிவு செய்யுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மேஜை உண்டா? பிளக் பாயிண்ட் எந்த உயரத்தில்? ஜெனரேட்டர் இருக்கிறதா? "வைபை உண்டு" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அறைக்குள் எட்டுகிறதா என்றும் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் கையில் இருக்கட்டும். ஒரு மணி நேர வீடியோக் கூட்டத்துக்குச் சுமார் ஒரு ஜிபி செலவாகும். அதற்குத் தகுந்தாற்போல் ரீசார்ஜ் செய்துகொண்டு போங்கள். மூன்று பின் ஒயர் பலகை ஒன்று பெட்டியில் இருப்பது அவசியம். வேலை முடிந்ததும் லாப்டாப்பை உலர்ந்த துணியால் துடைத்துப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். உப்புக் காற்றில் திறந்து கிடக்க வேண்டாம்.

ஓட்டல் வராந்தாவில் உட்காருகிறவர்கள், ஒரு காப்பியை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் ஓட்டப் பார்க்காதீர்கள். பகல் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொண்டால் நமக்கும் கௌரவம், அவர்களுக்கும் திருப்தி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: லாட்ஜில் அறை பிடிக்குமுன், அடுத்தடுத்த அறைகளில் அறுபதாம் கல்யாணக் கோஷ்டி யாராவது வருகிறார்களா என்று மேனேஜரைக் கேட்டுவிடுங்கள். வருகிறார்கள் என்றால், விடியற்காலை மூன்று மணிக்கே ஆபீஸைத் திறக்கத் தயாராகப் போங்கள்!